கொம்பனி சேர்விஸில் வாகனம் பழுதானால்: மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கேளுங்கள்

புதுக்குடியிருப்பு, மல்லாவி, மாங்குளம் பக்கமிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வாகனத்தைக் கொண்டுபோய்க் கொம்பனி சேர்விஸுக்கு விடுகிறவர்கள் பக்கத்துக் கராஜில் கொடுப்பதை விடக் கூடக் காசு கொடுத்துத்தான் விடுகிறார்கள். வேலை ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கைக்கான காசு அது. அந்த வேலையில் பிழை விட்டு எஞ்சினோ பிரேக்கோ போனால் நட்டத்தை நீங்களே சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் நம்மவர்கள் பலர் அதைச் சுமந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

சட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, காசு வாங்கிச் சேவை செய்கிற வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அதற்குப் போடுகிற பொருளும் தகுந்ததாக இருக்க வேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் இந்த உத்தரவாதம் உண்டு. அது மீறப்பட்டால் 13 ஆம் பிரிவின் கீழ் அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கட்டளையை மதிக்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம்.

இனி ஆட்கள் மாட்டுப்படுகிற இடம். அதிகாரசபைக்கான முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணுவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்விஸ் செய்த நாளிலிருந்துதான் கணக்கு. தை மாதம் சேர்விஸ் விட்டு, பங்குனியில் எஞ்சின் இறுகினால் உங்களுக்கு மிச்சம் இருப்பது சில நாட்களாக இருக்கலாம்.

இதைக் கொம்பனிகள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கின்றன. ஹயர் ஓடுகிற ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒயில் மாற்றியவர்கள் அடியில் உள்ள நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள், வவுனியாவில் எடுத்த வான் கனகராயன்குளம் தாண்டுவதற்குள் ஒயில் முழுவதும் ஏ9 றோட்டில் ஊற்றி எஞ்சின் இறுகிவிட்டது. மனேஜர் மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார். "அண்ணை, கொழும்பு மெயின் ஒபிசுக்கு அறிவிச்சிருக்கிறம், பதில் வந்தவுடன எடுக்கிறன்." பிறகு இன்ஜினியர் வர வேண்டும் என்றார்கள், பிறகு அவர் லீவு என்றார்கள். எல்லாம் போனில், ஒரு துண்டுக் கடிதம் கிடையாது. மூன்று மாதம் கடந்த பிறகு வந்த பதில்: ஒயில் இல்லை என்று காட்டும் சிவப்பு லைட் எரிந்த பிறகும் ஓட்டியது உங்கள் பிழை. லீசிங் கட்டிக்கொண்டு, ஓட வாகனமில்லாமல் அவர் வீட்டில் நின்றார். அந்த மரியாதையான பேச்சில் இப்படி ஏமாறுகிறவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே போனில் கதைப்பதைக் கதையுங்கள், ஆனால் அந்தக் கிழமையே ஒரு கடிதமும் எழுதுங்கள். எந்தத் திகதி சேர்விஸ், மீற்றர் எத்தனை கிலோமீற்றர், என்ன வேலை செய்தார்கள், என்ன பழுதானது, என்ன கேட்கிறீர்கள். கிளைக்கு ஒன்று, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, பதிவுத் தபாலில். தபாற்கந்தோர் தருகிற துண்டைப் பத்திரமாக வையுங்கள். கேட்கிற தொகையில் திருத்தச் செலவு, வாகனத்தைக் கட்டி இழுத்த கூலி, ஓட்டம் இல்லாமல் போன நாட்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கேட்காததை ஒருவரும் தாமாகத் தரப்போவதில்லை.

அதைவிட முக்கியம், வாகனத்தைத் திருப்பி அவர்களிடமே "பாருங்கோ" என்று உடனே விட்டுவிடாதீர்கள். விட்ட அன்றே நட் இறுக்கப்பட்டுவிடும், கழற்றின பாகம் காணாமல் போய்விடும். வாகனம் நின்ற இடத்திலேயே அடிப்பக்கத்தையும், றோட்டில் கிடக்கிற ஒயிலையும், மீற்றரையும் போட்டோ, வீடியோ எடுங்கள். சம்பந்தமில்லாத ஒரு நல்ல மெக்கானிக்கையோ மதிப்பீட்டாளரையோ கொண்டு பார்த்து, காரணத்தை எழுத்தில், கையொப்பத்தோடு வாங்குங்கள். அதற்குப் பிறகு கொம்பனிக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது எந்த நிலையில் கொடுத்தீர்கள் என்று எழுதி ஒரு கையொப்பம் வாங்குங்கள். பில் இல்லையென்றால் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 28 ஆம் பிரிவின்படி வியாபாரியின் கடமை.

வாகனத்தை எடுக்கும்போது அவசரத்தில் ஒரு தாளில் கையொப்பம் வைத்திருப்பீர்கள், "வேலை திருப்தி" என்று. அதையே எடுத்துக் காட்டுவார்கள். ஒயில் நட் இறுகியிருக்கிறதா என்று வாடிக்கையாளர் படுத்துக் குனிந்து பார்த்தா கையொப்பம் வைக்கிறார்? சுவரில் "சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டினால் மட்டும் பொறுப்புப் போய்விடாது. கவலையீனத்துக்கு இப்படிக் கைகழுவுவதைக் கட்டுப்படுத்தவென்றே 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது, அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகும்போது வரும் கந்தோர் அலைச்சல். அதிகாரசபையின் ஆட்கள் மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், இருப்பார்கள். அரிசி விலையும் காலாவதித் திகதியும் பார்க்கக் கடைகளுக்குப் போகிறவர்கள் என்பதால் பல நாட்களில் கதிரை வெறுமையாக இருக்கும், போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் "வாகன விசயம் இங்கே பார்ப்பதில்லை, பொலிசுக்குப் போங்கோ" என்று ஒருவர் சொல்லலாம். பொலிசுக்குப் போனால் "இது சிவில், கோட்டுக்குப் போங்கோ" என்பார்கள். இந்தச் சுற்றில் இறங்காதீர்கள். விபத்து நடந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடும் காப்புறுதிக்கு அறிவித்தலும் கட்டாயம் வேண்டும், மற்றப்படி அங்கே நேரம்தான் போகும். கச்சேரியில் 13, 32 ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தை நீட்டுங்கள், பிரதியில் திகதியோடு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாக்குவாதப்பட வேண்டாம், அன்றே கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள அதிகாரசபையின் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம், ஆனால் போன் எடுத்ததை மட்டும் நம்பியிராதீர்கள். சட்டம் கேட்பது எழுத்து.

தமிழில் எழுதுங்கள். பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் தரும்படி கேட்டு எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தந்த உரிமை. விளங்காத கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, அதில் இருந்த விசாரணைத் திகதியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த முறைப்பாடு மாதக்கணக்கில் அசையாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால், தூங்குகிற கோப்பு மேசைக்கு வரும்.

வாகனப் புத்தகம் வெளிநாட்டில் இருக்கிற தம்பியின் பெயரிலோ பழைய சொந்தக்காரரின் பெயரிலோ கிடப்பது நம்முடைய பக்கத்தில் சாதாரணம். அதனால் பயந்து பேசாமல் இருக்காதீர்கள். சேர்விஸுக்குக் காசு கட்டியவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி, அதனால் பில்லை எப்போதும் உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள், டிரைவரின் பெயரில் வேண்டாம். லீசிங் வாகனம் என்றால் வழக்கு நடக்கிறது என்று கட்டுக்காசை நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் வந்து வாகனத்தைத் தூக்கினால் ஆதாரமும் அதோடு போய்விடும். தவணைக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

மூன்று மாதம் ஏற்கனவே போய்விட்டதா? அதிகாரசபையின் வழி அடைபடுகிறது, மற்ற வழிகள் இருக்கின்றன. மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வந்து உங்களுக்காகப் பேச முடியாது, கொம்பனிக்காகவும் பேச முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான். இணக்கம் வராவிட்டால் இணங்கவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், சிறிய தொகை வழக்குகளுக்கு அது இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. கவலையீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு 2 வருடக் காலவரையறை.

கடைசியில் கொம்பனி ஒரு தொகையோடு வரும், கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாளும் வரும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கும். எஞ்சினைத் திருத்தி, சில நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒழுக்கு இல்லை என்று தெரிந்த பிறகு கையொப்பம் வையுங்கள். அதுவரை முறைப்பாட்டைத் திரும்பப் பெறாதீர்கள்.