சைக்கிளுக்கு கேசட் வாங்குறதுக்கு முன்னாடி ஹப்ப ஒரு தடவ பாருங்க

போன வாரம் ஒருத்தர் பழைய எம்டிபி (மலை சைக்கிள்) ஒண்ண கொண்டு வந்தாரு, 7 ஸ்பீடு, ஆன்லைன்ல 8 ஸ்பீடு கேசட் (பின்சக்கரத்துல இருக்குற பல்சக்கர அடுக்கு) வாங்கி வீட்லயே மாட்டிருக்காரு. மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சா பின்னாடி டக்கு டக்குன்னு வழுக்குதாம். கழட்டி பாத்தா கடைசி 11 பல்லு ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்), சக்கரத்தோட நடுவுல இருக்குற ஹப்போட பாடியில (கேசட்ட கோக்குற உருளை) உக்காரவே இல்ல, கேசட்ட இறுக்குற லாக்ரிங் நுனி மரைய மட்டும் லேசா கவ்விட்டு நிக்குது. இறக்கத்துல அந்த ஸ்ப்ராக்கெட் கழண்டு செயினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல சிக்கியிருந்தா பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கும், நெனச்சாலே பயமா இருக்கு.

வாங்குறவங்க பல்லு எண்ணிக்கையும் விலையும் பாக்குறாங்க, ஹப்ப யாரும் பாக்குறதில்ல.

முதல்ல உங்களோடது கேசட்டா, இல்ல ஹப்புல மரையா திருகி மாட்டுற பிரீவீலான்னே பாருங்க. பின்சக்கரத்த கழட்டி ஸ்ப்ராக்கெட்ட பின்னாடி சுத்துங்க, டூல் போடுற பல்வெட்டும் சேந்து சுத்துனா கேசட், அது மட்டும் அசையாம நின்னா பிரீவீல். பிரீவீல் ஹப்புல மரைதான் இருக்கும், அதுல கேசட் ஏறவே ஏறாது, ஹப்பயோ மொத்த வீலயோ மாத்தணும்.

கேசட்தான்னா அடுத்தது பாடி நீளம். ஷிமானோ கம்பெனி ஹப்புல 8, 9, 10 ஸ்பீடு பொதுவா ஒரே நீளம், 7 ஸ்பீடு பாடி அதவிட குட்டை. நீளமான பாடியில 7 ஸ்பீடு கேசட் போடலாம், உள்பக்கம் 4.5 மிமீ ஸ்பேசர் (இடைவெளி வளையம்) போட்டா போதும், தலைகீழா பண்ணத்தான் முடியாது. அதே மாதிரிதான் 2012ல வந்த 11 ஸ்பீடு ரோடு பாடி, இன்னும் 1.85 மிமீ நீளம், அதனால ரோடு 11 ஸ்பீடு கேசட் பழைய 10 ஸ்பீடு ஹப்புல பொதுவா ஏறாது, ஆனா எம்டிபி 11 ஸ்பீடு கேசட் ஏறும், ஏன்னா அதோட பெரிய ஸ்ப்ராக்கெட் ஸ்போக்ஸ் பக்கமா சாஞ்சு இருக்கும்.

ரொம்ப பழைய ரோடு பைக் வச்சிருக்கவங்க ஷிமானோவோட பழைய யூனிகிளைடு வகை ஹப்பான்னு பாருங்க. அதுல பாடியில இருக்குற 9 ஸ்பிளைனும் (நீளவாக்கு வரம்பு) ஒரே அகலம், கடைசி சின்ன ஸ்ப்ராக்கெட்டே மரை போட்டு மொத்தத்தையும் பிடிக்கும். இப்போ வர்ற ஹைப்பர்கிளைடுல ஒரு ஸ்பிளைன் மட்டும் வேற அகலம், அதனால இப்போ வர்ற கேசட் யூனிகிளைடு பாடியில நேரா உள்ள போகாது, சுத்தியலால தட்டி ஏத்துறத நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

போன வாரம் வந்தவருக்கு 7 ஸ்பீடு கேசட்டே போட்டேன், அது இன்னும் புதுசா கிடைக்குது, கியர் மாத்துற பழைய ஷிஃப்டரே போதும். லாக்ரிங்க 40 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கும்போது கடைசியில கர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், அவரயே பக்கத்துல நிக்க வச்சு கேக்க சொன்னேன்.