மைக்ரோகிராஃபி ஓவியத்தில் அறுந்த கோட்டைச் சேர்க்காதீர்கள்

காகிதத்திலும் தோல்தாளிலும் உள்ள பழைய ஆவணங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பொடிப் பொடி எபிரேய எழுத்துகளையே கோடாக ஓடவிட்டு உருவம் அமைக்கும் யூதர்களின் மைக்ரோகிராஃபி ஓவியங்களும் அவ்வப்போது மேசைக்கு வரும். பூச்சி அரித்ததைச் சமாளித்துவிடலாம், நீர்க்கறைக்கும் வழி உண்டு. யாரோ நல்ல எண்ணத்தில் செய்துவைத்த 'டச்சப்'தான் வயிற்றைக் கலக்கும்.

சிங்கத்தின் பிடரிக்கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கும். மெல்லிய பேனாவால் இழுத்து இணைத்துவிடுவார்கள். எட்ட நின்று பார்த்தால் சிங்கம் முழுசு. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: பிடரி முழுக்க எபிரேய வாசகம் ஓடுகிறது, நடுவில் மட்டும் வெறும் கீறல். அந்தக் கீறலுக்கு அடியில் மங்கிப்போய் மிஞ்சியிருந்த எழுத்துகளும் போய்விட்டன.

இந்தக் கலையின் வேர் மசோராவில் இருக்கிறது. எபிரேய வேதத்தில் இன்ன சொல் இத்தனை முறை வருகிறது, இன்ன எழுத்தோடு வருகிறது என்று படியெடுப்பவர் பிழை செய்யாதபடி ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகள் அவை. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா சுருளில் இவற்றுக்கு இடமில்லை. ஏடுகளாகத் தைத்த புத்தகங்களில்தான் எழுதினார்கள். பொடி எழுத்துகளை வரிசையாக ஓடவிடாமல் வட்டமாகவும் பின்னலாகவும் வளைத்தார்கள். கெய்ரோவில் 1008-09இல் சாமுவேல் பென் யாக்கோபு எழுதிய வேதப் பிரதியில் இத்தகைய அலங்காரப் பக்கங்கள் உண்டு. அது இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் போனால் டிராகன், நாய், பறவை என்று ஒரு காடே கிளம்பிவிடுகிறது. ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க்கில் வாழ்ந்த யூத மதகுரு ரபி யூதா ஹஹசீதுக்கு (இறப்பு 1217) இது பிடிக்கவில்லை. பறவையாகவும் மரமாகவும் எழுதினால் மசோராவை வாசிப்பது எப்படி, அப்படி எழுதக் கூடாதென்று எழுத்தரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள் என்பது அவர் பெயரில் வழங்கும் அறிவுரை. லென்ஸும் கையுமாக உட்காரும்போதெல்லாம் நான் அவர் கட்சி.

உருவம் வரையத் தடை இருந்ததால் எழுத்தில் ஒளித்தார்கள் என்று விற்பவர்கள் சொல்லும் கதையை நம்பிவிட வேண்டாம். சிரியாவின் துரா யூரோபோஸ் ஜெப ஆலயச் சுவரில் 3ஆம் நூற்றாண்டிலேயே மனித உருவங்களை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள்.

'வேத வசனம்தானே, அச்சுப் புத்தகத்தைப் பார்த்து, விட்டுப்போன எழுத்தை நிரப்பக் கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. படத்தின் அளவுக்கேற்ப எழுத்தர்கள் வாசகத்தை வெட்டுவார்கள், திரும்ப எழுதுவார்கள், ஓர் உருவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். திருமண ஒப்பந்தமான கெதூபாவின் ஓரத்தில் வேதத்தின் உன்னதப்பாட்டு நூலை எழுதியவர் எந்தச் சொல்லோடு நிறுத்தினார் என்பது அந்த ஒரு தாளில் மட்டுமே இருக்கும் செய்தி.

மையையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பிரதிகள் பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் வேலம்பிசினும் சேர்த்த மையில் எழுதியவை. புதிதில் கருப்பு, நாளாக ஆகப் பழுப்பு. அதிலுள்ள அமிலமும் இரும்பும் காகிதத்தை மெல்ல அரிக்கின்றன. ஈரம் பட்டால் வேகம் கூடும். ஆகவே ஈரத்துணியால் துடைப்பது அறவே வேண்டாம். தோல்தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே ஒட்டி நிற்பதால் செதில் செதிலாக உதிரும். சுருண்டிருக்கிறதே என்று கையால் நீவி விரித்தால் ஒரு வரியே தூளாகிவிடலாம். லேமினேஷன், செல்லோடேப் இரண்டையும் பற்றிப் பேசவே கை நடுங்குகிறது.

கையெழுத்தா அச்சா என்ற சந்தேகமும் வரும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து கல்லச்சில் இத்தகைய படங்கள் நிறைய வந்தன. பேனாவில் எழுதியிருந்தால் மை தொட்ட இடத்தில் அடர்ந்து, போகப்போக வெளிறும். கல்லச்சில் மை ஒரே சீராக இருக்கும். இன்றைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் தெரியும்.

வீட்டில் இருந்தால் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள், கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிடுங்கள். அருங்காட்சியகங்களில் இத்தகைய தாள்கள்மேல் பொதுவாக 50 லக்ஸுக்கு (ஒளியின் அளவு) மேல் ஒளி விடுவதில்லை. எழுத்து மங்கியிருந்தால் முதலில் புற ஊதா ஒளியில் படமெடுக்கச் சொல்லுங்கள். தோல்தாள் ஒளிர, மாசிக்காய் மை கருப்பாகவே நிற்பதால், கண்ணுக்குத் தெரியாத வரிகள் பல சமயம் வாசிக்கக் கிடைக்கும். கிழிசலைப் பழுதுபார்ப்பவர் ஒட்டுப்போட்ட இடத்தை வெறுமையாகவே விட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கே என்ன செய்தார் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, ஓவியத்தோடு சேர்த்து வையுங்கள்.