பதினேழாம் போர்ட்டின் மறுமுனையில் யார்?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஏதாவது ஓர் அலுவலகத்தின் சர்வர் அறையைத் திறந்து பாருங்கள். ரேக்கில் அடுக்கிய ஸ்விட்சுகளில் (கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள்), வரிசைக்கு வரிசை ஒரே மாதிரியான 48 போர்ட்டுகள், அதாவது கேபிள் செருகும் துளைகள். இரவுப் பணியில் இருப்பவரின் திரைக்கு வரும் எச்சரிக்கையோ ‘கிகாபிட் ஈதர்நெட் 1/0/17 இணைப்பு அறுந்தது’ என்பதோடு முடிந்துவிடும். முதல் எண் அடுக்கில் எந்த ஸ்விட்ச் என்பது, நடு எண் அதன் தொகுதி, கடைசி எண் போர்ட். அறுந்தது ஒரு மேஜைக் கணினியா, மாடியில் பாதிப் பேருக்கு வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட்டா? ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் தொழில்நுட்பரை இந்த நேரத்தில் தொலைபேசியில் எழுப்புவதா வேண்டாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. அதைச் சொல்ல வேண்டியது போர்ட்டுக்கு நாம் எழுதிவைக்கும் பெயர்.

ஸ்விட்சுக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது தரவுப் பொட்டலத்திலும், அனுப்பிய கருவியின் 48 பிட் மேக் முகவரி (கருவியின் பிணைய அடையாள எண்) இருக்கும். அது எந்தப் போர்ட் வழியாக வந்தது என்று ஸ்விட்ச் ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு அந்த முகவரியைத் தேடி ஒரு ஃபிரேம் வந்தால், குறித்துவைத்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. அந்த முகவரியிலிருந்து வெகுநேரம், பெரும்பாலும் 300 நொடி, எதுவும் வராவிட்டால் குறிப்பை அழித்துவிடுகிறது. நாம் போர்ட்டுக்கு வைக்கும் பெயருக்கு இதில் எங்கும் வேலையே இல்லை.

அந்தப் பெயர் மனிதர்களுக்கானது. சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்சில் குறிப்பிட்ட போர்ட்டின் அமைப்புக்குள் போய் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற கட்டளையோடு அதை எழுதுகிறார்கள். சேமிக்க மறந்தால், அடுத்த முறை மின்சாரம் போய் வரும்போது பெயரும் போய்விடும். கண்காணிப்பு மென்பொருள் அதை, பிணையக் கருவிகளைத் தொலைவிலிருந்து விசாரிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை வழியாக, ‘இஃப் ஏலியாஸ்’ என்ற புலத்தில் படிக்கிறது. போர்ட்டுக்கு ஸ்விட்ச் தானாகத் தரும் உள் எண் மறுதொடக்கத்தின்போது மாறக்கூடும் என்பதால், மாறாத ஓர் அடையாளமாக இருக்கட்டும் என்றே இந்தப் புலத்தை வகுத்தார்கள். 2000ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2863 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு 64 ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) வரை இடம் தருகிறது. ஆகவே தமிழுக்கும் கன்னடத்துக்கும் அங்கே இடமில்லை.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கணக்குப் பிரிவு மேலாளர்’ என்று எழுதினால், அடுத்த இருக்கை மாற்றத்தில் அது குடித்தனக்காரர் காலி செய்த பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை ஆகிவிடும். ஆட்கள் நகர்வார்கள், சுவருக்குள் ஓடும் கேபிள் நகராது. மாடி, பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை), சுவர் சாக்கெட் எண் ஆகியவற்றை எழுதுவதே என் கட்சி. இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க் என்றால் அந்த ஸ்விட்சின் பெயரும் அங்குள்ள போர்ட் எண்ணும் வேண்டும். இணைய நிறுவனத்தின் இணைப்பு என்றால், அதற்கு அந்த நிறுவனம் தந்த அடையாளமான சர்க்யூட் எண் கட்டாயம். புகார் சொல்ல அழைத்தால் மறுமுனையில் முதலில் கேட்பது அதைத்தான். சில திரைகள் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டுமே காட்டும், எனவே முக்கியமானது முன்னால் வரட்டும்.

இவ்வளவு செய்தாலும் அது யாரோ ஒருவர் எழுதிவைத்த கூற்றுதான். யாராவது கேபிளைப் பிடுங்கி அடுத்த போர்ட்டில் செருகினால் பெயர் தானாக மாறாது. இங்கேதான் எல்.எல்.டி.பி. உதவுகிறது. 2005இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 802.1ஏபி தரமாக வந்த நெறிமுறை இது. இதைப் பேசும் கருவி, வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை, ‘நான் இன்னார், இந்தப் போர்ட்டிலிருந்து பேசுகிறேன்’ என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பை ஸ்விட்ச் தானே வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்த கருவிக்குக் கடத்தாது. ஆகவே கேட்ட குரல் கேபிளின் நேரெதிர் முனையில் இருப்பவருடையது என்று நம்பலாம். எழுதிய பெயரையும் கேட்ட அறிவிப்பையும் ஒப்பிட்டு, முரண்படும் போர்ட்டுகளைப் பட்டியலிடச் சிறிய நிரல் போதும்.

ஆனால் சாதாரண மேஜைக் கணினிகளும் அச்சு இயந்திரங்களும் பல நேரங்களில் எல்.எல்.டி.பி. பேசுவதில்லை. அங்கே மேக் அட்டவணை ஓரளவு துப்புத் தரும். கருவி அணைந்து கிடந்தால் அதுவும் இல்லை. அப்போது கேபிளின் ஒரு முனையில் ஒலிக் குறிகை அனுப்பும் டோன் கருவியை மாட்டி, மறுமுனையில் பேட்ச் பேனல் முழுக்க அதைப் பிடிக்கும் உணர்கோலை நகர்த்தி, எங்கே சத்தம் வருகிறது என்று காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.