மூன்று சீட்டில் தோற்கும் கலர், ஐந்து சீட்டில் ஜெயிப்பது ஏன்?

பள்ளத்தூரில் இருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கிறார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, முகப்பில் பாய் விரித்துச் சீட்டாட்டம் நடந்திருக்கிறது. ஆட்டம் மூன்று சீட்டு. கடைசிச் சுற்றில் சிங்கப்பூர் மருமகன் கையில் மூன்றும் ஆர்ட்டின், அதாவது எல்லாம் ஒரே சின்னமான 'கலர்'. அவருடைய அம்மான் கையில் ஐந்து, ஆறு, ஏழு. சின்னம் வேறு வேறானாலும் எண்கள் வரிசையாக வரும் 'சீக்வென்ஸ்'. "போக்கரில் சீக்வென்ஸைக் கலர் அடிக்கும் அம்மான், உலகம் முழுவதும் இதுதான் விதி" என்கிறார் மருமகன். "எங்கள் அப்பச்சி காலத்தில் இருந்து இந்த முகப்பில் சீக்வென்ஸ்தான் பெரிது" என்கிறார் அம்மான். பந்தயமாக வைத்தது புளியங்கொட்டை என்பதால் சண்டை முற்றவில்லை. யார் சொல்வது சரி என்று வாசகர் கேட்கிறார்.

அவரவர் ஆட்டத்தில் இருவர் சொல்வதும் சரி. ஆனால் 'ஊருக்கு ஒரு வழக்கம்' என்று சமாதானம் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்ட எனக்கு மனமில்லை. ஏனென்றால் இது வழக்கத்தால் வந்த வேறுபாடே அல்ல. எண்ணிப் பார்த்தால் இப்படித்தான் வந்தாக வேண்டும். பதினோராம் வகுப்புக் கணக்கில் சேர்வுகள் பகுதியைப் படித்த எவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன், ஏனெனில் போக்கர் என்ற பெயரில் பல ஆட்டங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் பக்கமும் மிசிசிப்பி நதியின் நீராவிக் கப்பல்களிலும் வளர்ந்தது இது. அப்போது கட்டில் 20 சீட்டுதான். நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்து போட்டால் கட்டு தீர்ந்துவிடும். 52 சீட்டு வந்தபின்தான் கிளைகள் பிரிந்தன. 'டிரா' வகையில் வேண்டாத சீட்டைத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாம். 'ஸ்டட்' வகையில் சில சீட்டுகள் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கும். ஏழு சீட்டு ஸ்டட் என்றால் நான்கு திறந்தவை, மூன்று மூடியவை. இன்று தொலைக்காட்சியில் காட்டுவது பெரும்பாலும் டெக்சாஸ் ஹோல்டெம்: கையில் இரண்டு, நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து, அந்த ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. அந்த ஆட்டம் பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று டெக்சாஸ் சட்டமன்றமே 2007ல் தீர்மானம் போட்டிருக்கிறது. ஒமாஹாவில் கையில் நான்கு வரும். ஆனால் அவற்றில் இரண்டை மட்டுமே, நடுவில் இருந்து மூன்றோடு சேர்க்கலாம். 'ராஸ்' என்றொரு தலைகீழ் ஆட்டம், அதில் மட்டமான கைக்குத்தான் வெற்றி. 'பதுகி'யில் நான்கு சீட்டும் நான்கு சின்னமாக இருக்க வேண்டும். கலர் வந்தால் அங்கே துக்கம். நம் மூன்று சீட்டு, ஆங்கிலேயரின் 'பிராக்' ஆட்டத்தின் வழி வந்த ஒன்றுவிட்ட தம்பி.

எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு உண்டு. மட்டமான சீட்டை வைத்துக்கொண்டு முகம் மாறாமல் பந்தயத்தை ஏற்றலாம் என்பது ஒன்று. எது அரிதோ அது பெரிது என்பது மற்றொன்று. முதலாவது மனிதர்களைப் பற்றியது, அதை விட்டுவிடுகிறேன். இரண்டாவதுதான் நமக்கு.

மூன்று சீட்டில் தொடங்குவோம். 52ல் இருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள். மூன்றும் ஒரே சின்னமாக அமைவது எத்தனை? ஆர்ட்டினில் இருப்பவை 13. அவற்றில் மூன்றை 286 விதமாக எடுக்கலாம். சின்னங்கள் நான்கு, ஆகவே 1,144. சீக்வென்ஸ் எத்தனை? ஏஸ்-இரண்டு-மூன்றில் இருந்து ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் சீட்டு நான்கு சின்னத்தில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. 4×4×4, அதாவது 64. பன்னிரண்டு அறுபத்து நான்கு 768. சின்னமும் வரிசையும் ஒருசேர அமைந்த 48 கைகள் இரண்டு கணக்கிலும் இருக்கின்றன; அவற்றைத் தனி வகையாகக் கழித்துவிட்டால் கலர் 1,096, சீக்வென்ஸ் 720. அரிதானது சீக்வென்ஸ். புளியங்கொட்டை அம்மானுக்கே.

இதையே ஐந்து சீட்டுக்குப் போடுங்கள். மொத்தம் 25,98,960 கைகள். வரிசைகள் 10 ஆகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றிலும் சின்னம் அமையும் விதம் 1,024. பெருக்கினால் 10,240. கலருக்கு 13ல் ஐந்தை எடுக்கும் வழி 1,287, நான்கு மடங்கு 5,148. பொதுவான 40ஐக் கழித்தால் சீக்வென்ஸ் 10,200, கலர் 5,108. இப்போது கலர் ஏறக்குறையச் சரிபாதி. மருமகன் சிங்கப்பூரில் ஆடும் ஆட்டத்தில் கலர்தான் அரிது.

இடையில் நான்கு சீட்டு இருக்கிறதே, அங்கே என்ன? நான்கு சீட்டுப் போக்கரை அதிகம் பேர் ஆடுவதில்லை, ஆகவே அதிகம் பேர் எண்ணுவதுமில்லை. எண்ணினால் கலர் 2,816, சீக்வென்ஸ் 2,772. இரண்டுக்கும் நடுவே வெறும் 44! 2,70,725 கைகளில் 44தான் வித்தியாசம். ஒருவன் ஏறிக்கொண்டும் ஒருவன் இறங்கிக்கொண்டும் இருக்கும் படிக்கட்டில் இருவரும் தோள் உரசும் படி அது. இந்த எண்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, நல்ல கை வந்ததால் எப்போதும் ஏற்பட்டதில்லை.

ஏன் இப்படித் தலைகீழாகிறது? ஒரு சீட்டைக் கூட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சீக்வென்ஸில், கூடுதலாக வரும் சீட்டுக்குச் சின்னத்தைப் பற்றிக் கவலையில்லை. நான்கில் எதுவும் சரி. ஆகவே எண்ணிக்கை நான்கால் பெருகுகிறது. தொடங்கும் இடங்களில் ஒன்று மட்டும் குறைகிறது: 12, 11, 10. கலருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு சின்னத்தில் இருப்பவை 13தான், எடுக்க எடுக்கத் தேர்வு சுருங்கும். 286, 715, 1,287 என்று வளர்ந்தாலும் முதலில் இரண்டரை மடங்கு, அடுத்து 1.8 மடங்கு என்று மூச்சு வாங்குகிறது. ரம்மி போல 13 சீட்டு வரை போய்விட்டால் இன்னும் தெளிவாகும். ஏஸ் முதல் ராஜா வரை முழு வரிசை, சின்னம் எதுவானாலும் சரி என்றால் 6,71,08,864 கைகள். பதின்மூன்றும் ஒரே சின்னமாக வேண்டும் என்றால் நான்கே நான்கு.

அம்மான் ரொம்பவும் மார்தட்ட வேண்டாம். மூன்றும் ஒரே எண்ணாக வருவதை நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறார்கள். அதற்கு 52 கைகள். ஒரே சின்னத்தில் சீக்வென்ஸ் அமைவதற்கு 48தான். அரிதுதான் பெரிது என்றால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். 1994ல் டெரெக் வெப் என்பவர் சூதாட்ட விடுதிகளுக்காக உருவாக்கிய 'மூன்று சீட்டுப் போக்கர்' அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறது. முகப்புகளில் இந்தச் சீர்திருத்தம் வர நாளாகும்.

அந்த 52ஐ 22,100ல் வகுத்தால் சரியாக 425ல் ஒன்று. இதைச் சொன்னதும் "அப்படியானால் 424 ஆட்டம் தோற்றபின் வந்தே தீருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. கலைத்துப் போட்ட கட்டுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் அது புதிதாக 425ல் ஒன்றுதான். சீட்டு விழவில்லை என்று இடம் மாறி உட்காருவது, தெற்கே பார்த்த பாயைத் திருப்பிப் போடுவது, ராகு காலம் முடியட்டும் என்று காபி குடிக்கப் போவது எல்லாம் 22,100ல் ஒரு கையைக்கூடக் கூட்டாது, குறைக்காது. காபிக்கு நான் எதிரி அல்ல.

கட்டு மாறினாலும் தரவரிசை புரளும். ஆசியச் சூதாட்ட விடுதிகளில் பெரிதாகிவிட்ட 'ஷார்ட் டெக்' ஆட்டத்தில் இரண்டு முதல் ஐந்து வரையுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டு 36ஐ வைத்து ஆடுகிறார்கள். சின்னத்துக்கு ஒன்பதுதான் மிச்சம். அதனால் கலர் 480ஆகச் சுருங்கிவிடுகிறது. மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் 1,728. ஆகவே அங்கே ஃபுல் ஹவுஸையே கலர் அடிக்கும். கலரை ஃபுல் ஹவுஸ் அடிக்கும் என்ற வழக்கமான போக்கர் விதியை மருமகன் அந்தச் சபையில் போய்ச் சொன்னாலும் எடுபடாது.

இதுவரை கணக்கு நேர்மையாக நடந்தது. எண்ணு, அரிதை மேலே வை, முடிந்தது. ஜோக்கரைக் கட்டில் சேர்த்தவுடன் இந்த நேர்மை உடைந்துபோகிறது.

ஐந்து சீட்டு ஆட்டத்தில் இரண்டு ஜோடி 1,23,552 கைகள். ஒரே எண்ணில் மூன்று அமைவது 54,912. எனவே மூன்று பெரிது, இரண்டு ஜோடி சிறிது. இப்போது எந்தச் சீட்டாகவும் நடிக்கக்கூடிய ஒரு ஜோக்கரைச் சேருங்கள். உங்கள் கையில் ஒரு ஜோடி, சேராத இரண்டு, ஒரு ஜோக்கர். ஜோக்கரை ஜோடியோடு சேர்த்தால் மூன்று. உதிரியில் ஒன்றோடு சேர்த்தால் இரண்டு ஜோடி. பெரியது எதுவோ அதைத்தானே எவரும் எடுப்பார்கள்? மூன்றை எடுப்பார்கள். இப்படிப்பட்ட கைகள் 82,368. அத்தனையும் மூன்றின் பக்கம் போய்ச் சேர, மூன்றின் எண்ணிக்கை 1,37,280 ஆகிவிடுகிறது. இரண்டு ஜோடி பழைய 1,23,552லேயே நிற்கிறது. ஆக, மூன்றுதான் இப்போது மலிவு.

சரி, விதியை மாற்றுவோம், இரண்டு ஜோடியே பெரிது என்று அறிவிப்போம். அறிவித்த அந்தக் கணமே ஆட்டக்காரர்கள் ஜோக்கரை மறுபக்கம் திருப்புவார்கள். அதே 82,368 கைகள் இங்கே வந்து சேர, இரண்டு ஜோடி 2,05,920 ஆகும். மூன்று 54,912க்குத் திரும்பும். இப்போது மூன்று அரிது! மறுபடியும் மாற்ற வேண்டும். எப்படி வைத்தாலும் தப்பு. எதைப் பெரிது என்கிறோமோ, பெரிது என்று சொன்ன காரணத்தாலேயே அது மலிந்துவிடுகிறது. ஜான் எமர்ட், டேல் அம்பாக் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் 1996ல் இந்த முரண்பாட்டை ஆராய்ந்து எழுதினார்கள்.

இதன் சாயல் ஜோக்கரே இல்லாத ஹோல்டெமிலும் ஒளிந்திருக்கிறது. ஏழு சீட்டில் ஒரு ஜோடி அமைவது ஏறக்குறைய 44 சதவீதம். ஒன்றுமே அமையாத கை 17 சதவீதம்தான். வெறுங்கை அரிது! அதை ஜோடிக்கு மேலே வைத்தால் என்ன ஆகும்? ஜோடி வைத்திருப்பவர் ஜோடியில் ஒன்றை மறைத்துவிட்டு, மீதி ஆறில் ஐந்தைக் காட்டி "எனக்கும் வெறுங்கைதான்" என்பார். ஏழில் எந்த ஐந்தைக் காட்டுவது என்பது அவர் விருப்பம்தானே. சீட்டின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, ஆடுபவரின் தேர்வையும் பார்க்க வேண்டும் என்பது இங்கே வந்து இடிக்கிறது.

சீட்டுக் கட்டை எண்ணுவதற்கெல்லாம் பல்கலைக்கழகமும் சம்பளமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1654ல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பந்தயத்தைப் பிரிப்பது பற்றித்தான். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்து வளர்ந்தது; இன்று உங்கள் காப்பீட்டுத் தவணையைத் தீர்மானிப்பதும் அதுவே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார், சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தையும் தொடங்கினார். மின்வேதியியலால் மின்கலம் வரும் என்று எவரும் கணித்துச் சொல்லலாம். கணித நிறுவனத்தால் என்ன வரும்? தெரியாமலேதான் கொடுத்தார். பின்னாளில் பணத் தட்டுப்பாடு வந்து, 1957ல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. உடனடிப் பயன் கேட்காமல் கணிதத்துக்குப் பணம் தரும் கைகள் இன்று குறைந்துவிட்டன என்பது என் வருத்தம். இணையத்தில் போக்கருக்கும் ரம்மிக்கும் பணம் கட்டித் தோற்பவர்களுக்கு மட்டும் குறைவில்லை. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாகுபாடு பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடுக்கிறது. புளியங்கொட்டையை அது தொடவில்லை.

ஜோக்கர் முரண்பாட்டுக்கு மருந்து உண்டா என்றால், உண்டு. ஆட்டக்காரர்கள் அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் டிரா ஆட்டங்களிலும் 'பை காவ்' போக்கரிலும் ஜோக்கருக்கு வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கலரையோ சீக்வென்ஸையோ முடிக்க மட்டும் அது எந்தச் சீட்டாகவும் இருக்கலாம். மற்றபடி அது வெறும் ஏஸ். ஜோடியும் உதிரிகளும் கையில் இருக்கும்போது, இதையா அதையா என்ற தேர்வே எழாது. அப்படி ஆடினால் மூன்று 63,360 கைகள், இரண்டு ஜோடி 1,38,600. எந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் மூன்றே பெரிது.