"ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?"

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டராக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் 10ஆம் திகதி சம்பளம். அதற்கடுத்த இரண்டு மூன்று நாளும் எங்கள் ஓ.பி.டி.யில் (வெளிநோயாளர் பிரிவில்) நிற்க இடம் இருக்காது. 25ஆம் திகதி தாண்டினால் வாங்குகள் காலியாகிவிடும். "மாசக் கடைசியில இங்க யாருக்கும் வருத்தம் வராதா?" என்று புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர் ஒருவர் கேட்டார். "பஸ்ஸுக்குக் காசு இருக்காது சேர்" என்று அட்டெண்டன்தான் அவருக்கு விளக்கினார்.

அப்படி ஒரு 11ஆம் திகதி வந்தவர் அந்த அம்மா. (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பதைத் தொடும் வயது, கொழுந்து பறிப்பவர், பத்து வருஷமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). காலில் சுற்றியிருந்த பழைய சேலைத்துணியை அவிழ்க்கும்போதே வாடை வந்துவிட்டது. கவ்வாத்து வெட்டிய (செடிகளைக் கட்டையாக நறுக்கிவிட்ட) மலையில் தேயிலைத் தூர் குத்திய புண். சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப்போயிருந்ததால் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் செருப்பில் இரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்திருந்தது.

"எத்தனை நாளாச்சு?"

"பதினேழு நாள், மிஸ்."

இங்கே பெண் டாக்டர்களை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அடுத்துக் கேட்டது எல்லா டாக்டர்களும் கேட்கும் கேள்விதான்: "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்க?" பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலைக்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள எனக்கு மருத்துவப் பீடம் கற்றுக்கொடுத்திருந்தது. இத்தனைக்கும் நானே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்.

விரலை எடுத்தாகிவிட்டது. நாலைந்து நாள் கழித்து, டிரெஸ்ஸிங் மாற்றும்போது அவராகவே கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அப்போது ஒரு பேருக்கு 1,350 ரூபா. (தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப் பேர்'.) ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய பேர் இல்லை. நடக்க முடியாத காலோடு மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு வர த்ரீவீல். அப்புறம் பஸ். துணைக்கு மகள் வந்தால் அவளுக்கும் ஒரு பேர் போய்விடும். "மருந்து சும்மாதான் மிஸ். வந்து போறதுக்குத்தான் மூவாயிரத்துக்கு மேல." குத்திய அன்றைக்குச் சம்பளத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்திருக்கிறது. கடையில் ஏற்கெனவே கடன். அதனால் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

கணக்கில் பிழை இல்லை. அவர் கையில் இருந்த காசுக்கு நானும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன்.

இந்தக் கணக்கு நம் மலைக்கு மட்டும் உரியதில்லை. வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது, இது ஒரு விதி போலவே நடக்கிறது என்பது அதன் சாரம். பிரித்தானியாவில் 1948 முதலே வைத்தியம் இலவசம் என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் இது உறைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கணக்கு ஒன்று வருகிறது. கால்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆணின் ஆயுள் எதிர்பார்ப்பு 54 வருஷம். சில மைல் தள்ளி, லென்சி என்ற வசதியான பகுதியில் 82. நடுவில் கடலும் இல்லை, மலையும் இல்லை.

இலங்கையின் சுகாதாரத்தை உலகம் புகழ்வதும் நியாயம்தான். ஆனால் சராசரி என்பது ஒரு போர்வை மாதிரி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 வீதம். "நம்ம சனம் கட்டைதானே, பரம்பரை" என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பரம்பரையாக வந்தது காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் அதே ரொட்டி, இரவில் சோறும் ஒரு கறியும் என்ற சாப்பாடுதான். முட்டையும் மீனும் சம்பளம் வந்த வாரத்தோடு முடிந்துவிடும்.

அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ விஷயத்தில் நானும் ஒரு காலத்தில் சத்தம் போட்டவள்தான். கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுக்கும் பைக்கற் பத்து நாளில் தீர்ந்துவிடும், தாயின் எடை ஏறாது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பிடித்து ஏசினேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "வீட்டுல மூணு புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் உருண்டை புடிச்சித் திங்கவா மிஸ்?" என்றாள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கிளினிக் கொப்பியில் எடையை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கர்ப்பத்தின் விலையைப் பிள்ளை பிறகு கட்டும். இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயரில் 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த ஆண்களின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் ஆராய்ந்தார். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். நீரிழிவுக்கும் அப்படி ஒரு தொடர்பு இருப்பது பிறகு தெரியவந்தது. வயிற்றில் இருக்கும்போதே பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு, பின்னால் மாவும் சீனியும் கிடைக்கும்போது தடுமாறுகிறது. சீனி வருத்தம் பணக்கார நோய் என்று இன்னும் யாராவது சொன்னால், உலகத்தில் அந்த நோயுள்ள நாலு பேரில் மூன்று பேருக்கு மேல் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

நோயாளியைப் பதியும் எங்கள் தாளில் 'புகைப்பழக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. மூச்சிரைப்போடு வரும் வயதான பெண்களுக்கு அதில் 'இல்லை' என்று எழுதுவோம். பொய்யில்லை, ஒரு பீடியும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவோடு (அறையோடு) ஒட்டிய அடுப்படியில், புகைபோக்கி இல்லாமல், மழையில் நனைந்த மிலாறை (கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சிகளை) நாற்பது வருஷம் ஊதி ஊதி எரித்தவர்கள். வீட்டுக்குள் இருக்கும் இந்தப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதற்கென்று ஒரு கட்டம் எங்கள் தாளில் இல்லை.

சிறுநீர்க் கடுப்போடு திரும்பத் திரும்ப வரும் இளம் பெண்களுக்கு "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லுவதும் வழக்கம். கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் இல்லை. ஆண் கங்காணி நிற்கும் இடத்தில் எங்கே போவது? அதனால் காலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை தண்ணீரே குடிப்பதில்லை. என் ஆலோசனை சரியானது, பின்பற்ற வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய ஒரு தாத்தா, பிரஷர் மாத்திரையைக் காலை, பகல், இரவு என்று விழுங்கி, மயங்கி விழுந்து எங்களிடம் வந்தார். நாளுக்கு ஒன்று என்று மருந்து உறையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, சிங்களத்தில். அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

1848இல், இன்று பெரும்பாலும் போலந்தில் இருக்கும் மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அப்போது அதை ஆண்ட பிரஷ்ய (ஜெர்மன்) அரசாங்கம் 26 வயது டாக்டரான ருடோல்ப் விர்க்கோவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது. நோயாளிகள் போலிஷ் பேசும் ஏழைகள். அதிகாரிகள் ஜெர்மன் பேசுபவர்கள். மருந்துப் பட்டியலோடு வருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, கூலி உயர வேண்டும், பாதை போட வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், போலிஷ் மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. அந்த அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இன்றைக்கும் பொருந்தும்.

சரி, கூலியும் பாதையும் என் கையில் இல்லை. இதை வாசிக்கும் நீங்கள் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால், வீட்டில் செய்யக்கூடிய சிலதைச் சொல்லிவிடுகிறேன். சீனி வருத்தம் உள்ள அம்மா அப்பாவின் பாதத்தை இரவில் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள், விரல் இடுக்கையும் சேர்த்து. அவர்களுக்கு வலிக்காது, உங்கள் கண்தான் அவர்களுக்கு வலி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மருந்து உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கெஞ்ச வேண்டியதில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது.

விரல் எடுத்த அந்த அம்மாவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த கிளினிக் திகதியை எழுத வேண்டியிருந்தது. புதன்கிழமை என்று எழுதப்போன கையை நிறுத்தி, "எந்த நாள் வந்தா உங்களுக்குப் பேர் போகாது?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போல, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம. இல்லாட்டிப் போயா."

போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. இரண்டு நாளும் கிளினிக் பூட்டு. ஆனால் ஞாயிறு காலையில் வார்டில் டிரெஸ்ஸிங் நடக்கும். கொப்பியில் 'ஞாயிறு, காலை 8 மணி, வார்டுக்கு வரவும்' என்று தமிழில் எழுதி, நர்ஸ் மிஸ்ஸிடமும் சொல்லி வைத்தேன். சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.