மெல்லிய ஜன்னல் கேட்பவர்களுக்கு

மறுபடியும் ஒரு பெட்டி சிப் திரும்பி வந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஜன்னல் உடைந்தவை. கூடவே ஒரு குறிப்பு: "படம் தெளிவாக இல்லை. அடுத்த முறை ஜன்னலை இன்னும் மெல்லியதாக, இன்னும் பெரியதாகச் செய்து கொடுங்கள்."

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் திரவத்தைப் பார்ப்பதற்கான சிப் செய்வது என் வேலை. இரண்டு சிப்புக்கு நடுவே திரவம் அடைபட்டிருக்கும்; எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போக இரண்டிலும் ஒரு மெல்லிய படலம், அதுதான் ஜன்னல். இந்தக் கோரிக்கையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஜன்னல் மெலிந்தால் படம் துலங்கும் என்று யார் சொன்னார்கள்? மேலும் கீழும் 50 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு, மொத்தம் 100. பாதியாக்கினால் 50 மிச்சம். சரி, உள்ளே இருக்கும் நீர்? "ஸ்பேசர் (இரண்டு சிப்புக்கும் இடைவெளி விடும் அடுக்கு) 150 நானோமீட்டர்தானே" என்பார்கள். அது ஓரத்துக் கணக்கு. மைக்ரோஸ்கோப்புக்குள் சிப்புக்கு வெளியே வெற்றிடம் என்பதால் ஜன்னல்கள் இரண்டும் உப்பும். 50 மைக்ரான் அகலமென்றால் நடுவில் நீரின் ஆழம் சுலபமாக ஒரு மைக்ரானைத் தாண்டிவிடும். எலக்ட்ரான்கள் சிதறுவது பெரும்பாலும் அந்த நீரில்தான். நைட்ரைடில் மிச்சம் பிடித்த 50 நானோமீட்டர் அதில் எந்த மூலைக்கு? ஜன்னலை மெலிய வைத்தால் இன்னும் உப்பும். அகலப்படுத்தினால் கேட்கவே வேண்டாம்.

குறுகலான ஜன்னல் கேளுங்கள். நீளம் இருக்கட்டும், அகலம் 20 மைக்ரான் போதும். பார்க்கும்போது மூலைப் பக்கம் போங்கள், நீர் மெல்லியதாக இருப்பது அங்கேதான்.

குறுகலாகச் செய்வது எங்களுக்குத்தான் தலைவலி. ஜன்னலைத் திறக்க வேஃபரை, அதாவது சிப் வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகட்டை, பின்பக்கமிருந்து அரிக்கிறோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சிலிக்கானை 54.7 டிகிரிச் சரிவில் அரிக்கும். வேஃபர் நாங்கள் கணக்குப் போட்டதைவிட 10 மைக்ரான் கூடுதலாகத் தடித்திருந்தால் ஜன்னல் 14 மைக்ரான் சுருங்கிவிடும். 20 மைக்ரான் ஜன்னலில் மிஞ்சுவது என்ன? அது எங்கள் பாடு, விடுங்கள்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ட்வீசரால் சிப்பின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஜன்னல் மேல் காற்று ஊதாதீர்கள். பாதுகாப்புக்குப் பூசிய ரெசிஸ்ட் என்ற பூச்சை அசிட்டோனில் கழுவி, அது காய்வதற்குள் மெத்தனாலுக்கு மாற்றுங்கள். அப்புறம் பிளாஸ்மாவில் (மின்னேறிய வாயுவில்) கொஞ்ச நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் நீர் பரவாமல் உருண்டு நிற்கும். மூடும்முன் தூசி பாருங்கள். ஒரு மைக்ரான் துகள் ஒன்று மாட்டினால் ஸ்பேசர் எத்தனை நானோமீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

லீக் டெஸ்ட்டைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சிப்பைப் பொருத்திய ஹோல்டரை முதலில் வெளியே ஒரு வெற்றிட பம்ப்பில் மாட்டிப் பாருங்கள். ஜன்னல் உடைவதென்றால் அங்கேயே உடையட்டும். மைக்ரோஸ்கோப்புக்குள் உடைந்தால் சிப்பின் விலையா பெரிது?

இன்னொன்று. குமிழி வந்தாலே லீக் என்று எழுதி அனுப்பாதீர்கள். எலக்ட்ரான் பீம் பட்டால் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். டோஸை, அதாவது மாதிரி மேல் விழும் எலக்ட்ரான்களின் அளவை, குறைத்துப் பாருங்கள், எவ்வளவு டோஸ் என்பதையும் குறித்து வையுங்கள்.

உடைந்த சிப்பைக் கழுவாமல், துடைக்காமல் அப்படியே அனுப்புங்கள். ட்வீசர் பட்டதா, அழுத்தம் தாங்காமல் போனதா, எங்கள் அரிப்பில் கோளாறா என்று உடைந்த விளிம்பைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.