ஈயம், வெள்ளீயம், காரீயம்: சட்டம் கட்டுப்படுத்துவது எதை?

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பாத்திரக் கடை ஒன்றில் ‘ஈயச் சொம்பு’ என்று கேட்டால், ரசம் வைக்கும் வெள்ளீயச் சொம்பை எடுத்துத் தருவார்கள். தாமிரபரணியில் வீச்சுவலை வீசுகிறவர் வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் ‘ஈயக் குண்டு’ காரீயத்தால் ஆனது. ரேடியோ பழுதுபார்ப்பவர் பற்றவைப்பதற்காக உருக்கும் ‘ஈயம்’ இவ்விரண்டும் சேர்ந்த கலவை. வழக்கமாக அதில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருக்கும். மூன்றையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டுக்குப் பூசும் பெயிண்டிலும், தண்ணீர்க் குழாயிலும், குழந்தைகளின் பொம்மையிலும் இவ்விரண்டில் அரசு வரம்பு கட்டியிருக்கும் நச்சு உலோகம், ஆங்கிலத்தில் ‘லெட்’ எனப்படும் காரீயம் மட்டுமே.

ஈயம் என்ற சொல்லை ‘சீஸ’ என்னும் வடசொல்லோடு இணைத்துப் பார்ப்பது ஒரு கருத்து. சிரவணம் ஓணமானதைப் போல, சொல்லின் முதலில் நின்ற சகரம் கெட்டு ஈயம் ஆயிற்று என்பது அதன் விளக்கம். தெலுங்கில் சீசமு என்றும் கன்னடத்தில் சீச என்றும் வழங்க, மலையாளம் நம்மைப் போலவே ஈயம் என்கிறது. பிறப்பு எதுவானாலும், தமிழில் அது ஓர் இனப்பெயராகவே நிலைத்தது. நிறத்தை அடையாகச் சேர்த்து வெளிறியதை வெள்ளீயம் என்றும் கருத்ததைக் காரீயம் என்றும் பிரித்துக்கொண்டார்கள். சித்த மருத்துவத்திலும் இதே முறைதான்: வங்கம் என்பது பொதுப்பெயர், வெள்வங்கம் வெள்ளீயம், கருவங்கம் காரீயம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள் இங்கே இன்னொரு தடுமாற்றத்தையும் கடக்க வேண்டியிருக்கும். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம், சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். மருந்துப் பெயரில் இந்த வேறுபாடு தெரியாமல் போனால் விளைவு சிறியதாக இராது.

காரீயம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழில் அது பென்சிற்கரியைக் குறிக்கும். பென்சிலின் நடுவில் இருப்பது கரியின் ஒரு வடிவமே. அதில் இந்த உலோகம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் காரீயம் என்பதை உலோகத்துக்கே வைத்திருப்பதால், இங்கே அதைத் தயங்காமல் எழுதலாம்.

இனி விதிகளுக்கு வருவோம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு உபயோக, அலங்கார பெயிண்ட்டுகளில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. பிபிஎம் என்பதைப் ‘பத்து லட்சத்தில் ஒரு பங்கு’ என்று எழுதலாம். அதாவது ஒரு கிலோவில் 90 மில்லிகிராம். தொழிற்சாலை உபயோகத்துக்கான பெயிண்ட் இந்த விதிகளுக்குள் வராது என்பதால், கிரில் கேட்டுக்கும் சன்னல் கம்பிக்கும் எனாமல் வாங்கும்போது டப்பாவில் என்ன உபயோகத்துக்கு என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் இன்னும் கவனம் தேவை. அந்த நிறங்களைத் தருவதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தவை காரீயக் குரோமேட் வகை நிறமிகள்.

பிவிசி குழாய்களுக்கு 2021-இல் தனி விதிகள் வந்தன. குழாயை வார்க்கும் சூட்டில் பிவிசி சிதையாமல் இருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்திகளில் காரீயச் சேர்மங்களும் உண்டு. அவற்றைக் கைவிடச் செய்வதே அந்த விதிகளின் நோக்கம். (பிளம்பர் என்ற சொல்லே காரீயத்தின் இலத்தீன் பெயரான பிளம்பம் என்பதிலிருந்து வந்தது, உரோமர்களின் தண்ணீர்க் குழாய்கள் காரீயத்தால் ஆனவை.) பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிற்று. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு என்பதால், அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் வாங்குகிறவர்கள் அரக்கில் என்ன வண்ணம் கலந்தது என்று செய்தவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளின் உடல் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு ஈர்த்துக்கொள்ளும். அது கால்சியம் போல எலும்பில் தங்கிவிடும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கில்லாத அளவு என்று எதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை.

‘லெட் ஃப்ரீ’ என்பதை எப்படித் தமிழாக்குவது? ‘ஈயமற்றது’ என்றால் வெள்ளீயமும் இல்லை என்று பொருள்படும். ‘காரீயமற்றது’ என்றாலோ துளிகூட இல்லை என்று ஆகும். ஆனால் சட்டம் சொல்வது அதுவன்று. அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், குடிநீர்க் குழாயில் 8 சதவீதம் வரை காரீயம் இருந்தாலும் அதற்கு ‘லெட் ஃப்ரீ’ என்றே பெயர். 2014 ஜனவரியிலிருந்துதான் தண்ணீர் படும் பரப்பில் சராசரியாக 0.25 சதவீதம் என்று அந்த வரம்பு இறங்கியது. ஆகவே ‘காரீயம் வரம்புக்குட்பட்டது’ என்று எழுதி, அளவையும் பக்கத்திலேயே தருவதுதான் நேர்மையான தமிழாக்கம் என்பது என் கருத்து. கடையில் கேட்கிறவருக்கு இவ்வளவு இலக்கணம் தேவையில்லை: “அண்ணாச்சி, இதில் காரீயம் எவ்வளவு, டப்பாவில் போட்டிருக்கா?” என்று கேட்டாலே போதும்.

இந்தச் சொற்குழப்பம் இருபுறமும் வெட்டுகிறது. ஈயம் நஞ்சு என்று கேள்விப்பட்டு, ஆச்சி காலத்து நல்ல வெள்ளீயச் சொம்பைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈயம் என்றாலே ரசத்துக்கு ருசி என்று நம்பி, காரீயம் கலந்த மலிவுச் சொம்பில் புளித்தண்ணீரைக் கொதிக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தூய வெள்ளீயக் கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்லிய நொறுங்கல் ஓசை கேட்கும். காரீயத்தில் அந்த ஓசை எழாது. அதே பருமனுக்கு அது ஒன்றரை மடங்கு கனக்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். சிறிதளவே கலந்திருந்தால் இந்தச் சோதனைகளுக்கு அது பிடிபடாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.